பட்டது

கருங்கலில் கூட்டுறவு வங்கிக்கு மேல்மாடி.
சமுதாயக் கல்லூரி என்று எழுதிய பலகையில்
'கல்' மட்டும் மழைக்கு அழிந்துபோயிருந்தது.
கருங்கலில் கல் கரையும் என்று
அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பதினாறு பேர். மக்கள் தொடர்பும் இதழியலும்,
ஓராண்டு டிப்ளமோ.
ஆட்டோவை நிறுத்திவிட்டுக் காக்கிச் சட்டையோடே வரும் லிபின்,
பால்குடிப் பிள்ளையை மாடிப்படியில் மாமியார் கையில் விட்டுவரும் சபீனா,
பிளஸ் டூவில் இரண்டு தடவை விழுந்த நான்.

கணினி மூன்று. ஒன்றில் 'ழ' விழாது.
அதில் உட்காருகிறவர்
மழையைச் சொல்லாமல் செய்தி எழுதவேண்டும்.
வருஷத்துக்கு இரண்டு பருவம் பெய்கிற ஊரில்
நடக்கிற காரியமா?

ஷைனி மிஸ் முதல் நாளே பலகையில் எழுதினார்:
யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி.
"ஆரு, எங்க, எப்ப, எதுக்கு...
எங்க வீட்டுக்காரி டெய்லி கேக்கியதுதானே மிஸ்"
என்றான் லிபின்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
ஒரு துண்டுத்தாளை நகலெடுத்துத் தந்தார்.
முந்திரி ஆலையில் நாற்பத்திரண்டு பெண்கள் வேலைநீக்கம்.
செய்தியாக்குக. இருநூறு சொல்.
மதியச் சோற்றுக்குப் பிறகு அதே தாள்.
இப்போது நீங்கள் ஆலையின் மக்கள் தொடர்பு அலுவலர்.
அறிக்கையாக்குக. நூறு சொல்.

நாற்பத்திரண்டில் ஒருத்தி நான் என்று
அங்கே யாருக்கும் தெரியாது.

காலையில் எழுதியதெல்லாம் நேர்வினை.
மேலாளர் வந்தார். பெயர் வாசித்தார்.
டோக்கனைப் பிடுங்கினார்.
அடுத்த வரிசை நிமிராமல் உடைத்துக்கொண்டே இருந்தது.
திரேசம்மா அக்கா பருப்பு டின்னை எத்தினாள்,
தரை முழுக்க வெள்ளை.
மிஸ் சிவப்பு மையில் எழுதினார்:
உன்னிடம் சொன்னது யார்? ஆதாரம்?
கேட்டது நியாயம்தான்.
கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.
தோட்டெண்ணெய் தின்ற விரல்நுனி
ஐந்து மாதம் ஆகியும் கறுப்பு.

மதியத்துக்கு வேறு இலக்கணம்.
பணிகள் மறுசீரமைக்கப்பட்டன.
ஊழியர்கள் விடுவிக்கப்பட்டனர்.
உரிய தொகை பரிசீலிக்கப்பட்டு வருகிறது.
எழுத எழுத ஆள் மறைந்தார்.
மேலாளர் இல்லை,
அவர் மூக்குக்கண்ணாடி இல்லை,
பெயர் வாசித்த தாளும் இல்லை.
பட்டது பட்டது என்று வாக்கியம் படியிறங்கிப் போகிறது.
பட்டவள் எவள் என்று கேட்க
அதில் ஒரு ஜன்னல்கூட இல்லை.

பத்துக்கு ஒன்பது.
உரக்க வாசித்தார்கள், கை தட்டினார்கள்.
உள்ளதைச் சொன்னால்,
எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.
ராத்திரி தூங்கவிடாதது அதுதான்.

கோடை விடுமுறைக்குக் கல்லூரி ஒரு கடிதம் தந்தது.
ஒரு மாதப் பயிற்சி. மக்கள் தொடர்புப் பிரிவு.
நாளுக்கு நூற்றைம்பது, பஸ் கூலியும் அதற்குள்.
ஆலையின் பெயரை
இரண்டு முறை வாசித்தேன்.

ஏழு வருஷம் பின்வாசல் வழியாக நுழைந்தவள்.
டோக்கன் நூற்றுப் பதினெட்டு,
பெயர் தேவைப்பட்டதேயில்லை.
முன்வாசலில் சுகுமாரன் அண்ணன் பதிவேட்டை நீட்டினார்.
பெயர். ஊர். நேரம். யாரைப் பார்க்க. எதற்காக.
மிஸ்ஸின் கரும்பலகைக்கு யாரோ
கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

"மக்கா, நீயா" என்றார். கடிதத்தைப் பார்த்தார்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"கடசிக் கட்டம் எழுதண்டாம், ஆரும் வாசிக்க மாட்டாவ.
ஒப்பு போட்டாப் போரும்."

றோஸ்லெட் என்று எழுதினேன்.
கருங்கல் என்று. ஒன்பது ஐந்து என்று.
உள்ளே கொட்டை வறுக்கும் புகை
மதில் தாண்டி வந்து
பழக்கப்பட்டவளைப்போலக் கண்ணில் ஏறிற்று.

கடைசிக் கட்டம் விரல் அகலம்.
காலையில் எழுதியதா, மதியம் எழுதியதா?
பேனாவைத் தூக்கியபடி நின்றேன்.
பின்னால் தூத்துக்குடியிலிருந்து
மூட்டை ஏற்றிவந்த லாரி
ஹாரனை விடாமல் அடித்தது.
ஒதுங்கு என்று கை காட்டினார் அண்ணன்.

"நிக்கட்டும் அண்ணா,
எழுதி முடிக்கேன்."