புலம் இல்லாதவை

டயர் கடைக்கு மேல்மாடியில் என் மேசை.
கீழே காற்றடிக்கும் இயந்திரம் தும்மும்போதெல்லாம்
திரையில் சுட்டி ஒரு நூல் நகரும்.
ஸ்லிம் ரிவரில் இணையத்துக்கு மழை என்றால் பயம்.
இருட்டிக்கொண்டு வருவதற்குள் முடிக்கவேண்டும்.

தோட்டத்தை விற்றுவிட்டார்கள்.
செம்பனைக்கு நடுவில் கிடக்கும் இடுகாட்டைப்
பெயர்த்து வேறிடத்தில் வைப்பார்களாம்.
ஒரு குழிக்கு ஒரு பதிவு,
மொத்தம் இருநூற்றுப் பதினான்கு.
ஒவ்வொன்றுக்கும் புலங்கள்:
வரிசை, ஆண்டு, பெயர், உரிமை கோரியவர்.
புலம் என்றால் நிலமும்தான் என்பது
வேலைக்கு விலை சொன்னபோது நினைவில் இல்லை.

கம்பெனி கேட்டது எளிது:
எழுபத்தைந்துக்கு முந்தியவை, மற்றும்
உரிமை கோர ஆளில்லாதவை.
வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல்.

பிஎச்பியில் ஓர் அடைப்புக்குள் இரண்டு நிபந்தனை,
இடையில் ஒரு 'மற்றும்'.
'அல்லது' போட்டால் பாதி இடுகாடு எழுந்து வரும்;
பிள்ளைகள் தேடி வந்துவிட்ட பழையவர்களும் வருவார்கள்,
போன வருஷம் தனியாகச் செத்த
லாரி ஓட்டுநர் சந்தனசாமியும் வருவார்.
'மற்றும்' போட்டேன். பத்தொன்பது.
அனுப்பிவிட்டு கோப்பி குடித்தேன்.

அளவையாளர் நோர்லைலா அழைத்தாள்.
அவள் மலாயில் எண்ண, நான் தமிழில் எண்ணினேன்.
பழைய பகுதியில் நாடா கட்டாத குழிகள்
நடந்து பார்த்ததில் இருபத்தாறாம்.
ஏழு குறைகிறது.

காலிப் பை வேறு,
பையே தைக்காத சட்டை வேறு.
நான் தேடியது காலிப் பைகளை.
கிராணி தேவசகாயத்தின் நோட்டில்
எதிரே கோடு போட்டிருந்தவர்களுக்கு
வெற்றிடம் ஏற்றியிருந்தேன்.
கோடுகூடப் போடாதவர்களுக்கு
அந்தப் புலத்தையே உண்டாக்கவில்லை.
இயந்திரத்தின் கணக்கில் அவர்கள்
ஆளில்லாதவர்கள் அல்லர்,
அப்படி ஒரு கேள்வியே கேட்கப்படாதவர்கள்.

அடைப்புக்குள் இன்னோர் அடைப்பைத் திறந்தேன்:
வெறுமையாய் இருப்பது 'அல்லது' இல்லவே இல்லாதது.
வெளி அடைப்பில் பழைய 'மற்றும்' காவல் நின்றது.
பத்தாம் வரிசைக்காரர்கள்
இரண்டாம் வரிசைக்கு முன்னால் வந்து நின்றார்கள்.
எழுத்தாய்ப் படித்தால் ஒன்று முந்தித்தானே.
இது எண்ணப்பா என்று சொல்லிக்கொடுத்தேன்.
ஒழுங்காய்ப் போய்ப் படுத்தார்கள்.

இருபத்தைந்து.

நோர்லைலா படம் அனுப்பினாள்.
பத்தாம் வரிசை, ஏழாவது.
கழுத்துவரை மண்ணில் புதைந்த ஒரு பால்டின்.
கல்லில் பெயர் இல்லை, ஆணியால் கீறிய 1968 மட்டும்.
பதிவைத் திறந்தேன்.
உரிமை கோரியவர்: எழிற்செல்வி முனியாண்டி.

அது நான்.

மார்ச்சில் ஏதோ ஓர் இரவு
படிவம் வேலை செய்கிறதா பார்க்க
கைக்கு வந்த பெயரைத் தட்டிச் சேமித்திருக்கிறேன்.
அழிக்க மறந்திருக்கிறேன்.

அழிக்க ஒரே சொடுக்கு.
கீழே இயந்திரம் தும்மியது, சுட்டி விலகியது.
நான் அதைத் திரும்ப இழுத்து வரவில்லை.
இருபத்தைந்து என்றே அனுப்பினேன்.
ஒன்று இடிக்குதே என்றாள் நோர்லைலா.
அதுக்கு ஆள் இருக்கு என்றேன்.

மூன்று வாரம் கழித்து, மலாயில், முத்திரையோடு கடிதம்.
தங்கள் உறவினரைப் பெயர்த்தெடுக்கும்போது
உடனிருக்க விரும்பினால்
காலை எட்டு மணிக்கு வரவும்.
இணைத்த தாளைப் பூர்த்தி செய்து கொண்டுவரவும்.

பெயர், அடையாள அட்டை எண் எல்லாம் எழுதினேன்.
உறவுமுறை என்ற இடத்தில் பேனா நின்றது.
மழை பிடித்துக்கொண்டது, இணையம் போயிற்று,
டயர் கடையை மூடும் சத்தம்.

அப்படியே மடித்துப் பையில் வைத்தேன்.
காலிதான்.
ஆனால் கட்டம் இருந்தது.