வாலிலிருந்து

இறகு என்றுதான் நினைத்தேன்.
இல்லை, நினைக்கவில்லை, ஆசைப்பட்டேன்.
பிப்ரவரியில் சரிவு இடிந்து விழுந்த மறுநாள்
படகு வேலை முடிந்து, ஆரஞ்சு மேற்சட்டையைக்கூடக் கழற்றாமல்
ஃபூர் தீவின் வடகரையில் நடந்தபோது
வெளுத்த மோலெர்ப் பலகை ஒன்றில்
விரல் அகலத்துக்கு ஒரு பழுப்பு வீச்சு.

எங்கள் தீவின் மண் அது.
வெட்டி, வறுத்து, மூட்டை கட்டி
ஊர் ஊராகப் பூனைகளின் கழிவுத்தட்டில் கொட்டுகிறார்கள்.
லாரிகள் என் படகில்தான் கடல் தாண்டுகின்றன.
கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் கண்ணாடி ஓடுகள்;
தண்ணீரைக் கண்டால் விடாது.

தெரியும். தெரிந்தும்
வீட்டுக்கு வந்ததும் குழாயைத் திறந்தேன்.
எதையும் கழுவிப் பார்க்கும் உருளைக்கிழங்கு புத்தி.
மூன்று நொடி.
வலது ஓரம் கஞ்சியாகிச் சாக்கடைக்குப் போனது.
ஐந்தரைக் கோடி ஆண்டு தாங்கிய ஒன்றின்
எந்தப் பகுதி அது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அருங்காட்சியகத்தில் சோல்வை திட்டவில்லை.
கல்லைவிட, நான் அதைச் சுற்றியிருந்த ஈரத் துண்டைத்தான்
அதிக நேரம் பார்த்தாள்.
"செய்தித்தாளில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள்,
காய்கறித் தட்டில். மெதுவாகக் காயட்டும்.
மே வரை தொடாதீர்கள்."
எந்தச் சாம்பல் வரிக்குப் பக்கத்தில் என்று கேட்டாள்.
சரிவின் கறுப்புக் கோடுகளுக்கெல்லாம் எண் உண்டு,
எரிமலை ஒருமுறை வெடித்ததற்கு ஒரு கோடு,
பூஜ்யத்துக்குக் கீழேயும் எண்ணியிருக்கிறார்கள்.
விழுந்து கிடந்தது, என்றேன்.
'அடுக்கு தெரியாது' என்று எழுதினாள்.
அந்த இரண்டு சொல்
குழாய்த் தண்ணீரைவிட வலித்தது.

மே.
கடன் வாங்கிய உருப்பெருக்கி,
பென்சில் கட்டையில் செருகிய தையல் ஊசி.
ஊசியால் கிணறு தோண்டுவது என்பார்கள்.
கிணறு எவ்வளவோ மேல், உடைக்க அடியில் எதுவும் இல்லை.
இங்கே எது மண், எது உடல் என்பதைச்
சாய்ந்த வெளிச்சத்தில் நிறம் மட்டுமே சொல்லும், அதுவும் பாதி நாள் பொய்.
உடலை நோக்கிக் குத்தாதே, உடலைவிட்டு வெளியே தள்ளு.
வாயால் ஊதாதே, மூச்சில் ஈரம்.
ஒரு மாலைக்கு ஓர் அரிசி அளவு.
காபி குடித்த கையால் ஊசியைத் தொடாதே:
இது மட்டும் நானே கற்றது. அதன் தழும்பு கல்லில் இருக்கிறது.

எஞ்சின் அறையிலிருந்து எய்னார் கத்துவான்:
"பறவை என்ன ஆச்சு?"
அபூர்வமென்றால் சட்டப்படி நாட்டுக்குச் சொந்தம்,
கொடுத்தவருக்குப் பரிசுப் பணம்.
அந்தப் பணத்தில் அவன் எனக்கு
ஒரு குளியலறை கட்டி முடித்து, ஓடும் பதித்திருந்தான்.

ஜூன் ஒன்பது, இரவு பத்தரை, வெளியே இன்னும் வெளிச்சம்.
இறகின் தண்டு என்று நான் நம்பியது
இரண்டாகப் பிரிந்தது.
உடையவில்லை. பிரிந்தேதான் இருந்தது.
கிளைகளில் கணுக் கணுவாக வெட்டு.
இறகுக்கு ஏது கணு?

வால்.

விலாங்கு பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுமாம்.
இது எனக்கு வாலைக் காட்டியபடி
கல்லுக்குள் நீந்திப் போயிருக்கிறது.

"இங்கே அதிகம் கிடைப்பதே இந்த மீன்தான்,
நீங்களே வைத்துக்கொள்ளலாம்," என்றாள் சோல்வை.
குளியலறை இடிந்ததில்
எய்னார் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

வருத்தமா என்றால்,
தூரிகை நுனியால் ஒரு சொட்டுப் பசை வைத்தேன்.
வால் கறுத்து, இப்போதுதான் வலையிலிருந்து எடுத்ததுபோல மினுங்கி
பத்து நொடியில் மறுபடி கல்லானது.
வருத்தம் என்று சொல்ல முடியாது.

இப்போது முதுகெலும்பில் ஏழாவது முள்.
தலை வலப்பக்கம் போகிறது.
பலகைக்குள் இருக்கலாம்,
மறுபாதியோடு அலைக்குப் போயிருக்கலாம்,
அல்லது அந்த மூன்று நொடி.
தினம் ஓர் அரிசி. அவசரம் இல்லை எனக்கு.

காலை ஐந்து ஐம்பது. முதல் லாரி ஏறுகிறது.
போகிற போக்கில் ஒரு மூட்டையைத் தட்டிப் பார்க்கிறேன்.
என்ன, என்கிறான் ஓட்டுநர்.
ஒன்றுமில்லை,
கை பிரேக்கைப் போடு.