லோரி, பதினோரு கெஜம்

சுங்க அதிகாரி பெட்டியைக் குலுக்கினார்.
உள்ளே ஏதோ கிணுகிணுத்தது.
ஷூ என்றேன். ஒற்றை ஷூ. இடது கால்.
அடியில் ஆறு ஆணி இருக்க வேண்டும், ஐந்துதான்.
"பழசா?"
ஒரே ஆள்தான் போட்டது,
நூற்றுப் பன்னிரண்டு வருஷம் முன்னால்.
அவர் ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மதிப்பு என்ற கட்டத்தில்
தாமாகவே ஒரு தினார் என்று எழுதிக்கொண்டார்.
நான் கொடுத்தது நாற்பத்தொன்று.
அவரிடம் சொல்லவில்லை. அறையிலும் சொல்லவில்லை.

ஜிலீப்பில் எங்கள் அறைக்கு எட்டுப் படுக்கை.
என் படுக்கைக்கு அடியில்
மூன்று பால்பவுடர் டின், ஒரு பிஸ்கட் தகரம்;
ஸ்காட்லாந்து அதற்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.
நெஞ்சில் குத்தும் எண் துணி, இருபத்தேழு,
நாலு மூலையிலும் ஊசித் துரு.
குண்டு எறிந்த எவரோ ஒருவரின் பெல்ட் கொக்கி
(நிஜமா தெரியாது, விற்றவன் சத்தியம் செய்தான்).
நாலாவதாக வந்தவன் வாய் கொள்ளாமல் சிரிக்கும் படம்.
முதல் மூன்று பேர் விலை எனக்குக் கட்டாது.

ஆரம்பம் வேலையில்தான்.
சால்மியாவில் ஒரு எண்ணெய் இன்ஜினியர் வீட்டைக்
காலி செய்து பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம்.
ஒரு கட்டை மட்டும் காலால் தள்ளி, குப்பை என்றான்.
குப்பைக்குப் போகிற வழியில் புரட்டினேன்.
கெல்சோ, மழைநாள், நிகழ்ச்சி நிரல், விலை இரண்டு பென்னி.
நூற்று முப்பது கெஜ ஓட்டம்.
பெயர்கள், பெயருக்கு எதிரே ஒரு எண்.
வயசு என்று நினைத்தேன்.
நாலு வயசுக்காரன் காசுப் பந்தயத்தில் எப்படி ஓடுவான்?
பிறகுதான் பிடிபட்டது:
மெதுவாக ஓடுகிறவனுக்கு
அத்தனை கெஜம் முன்னால் கோடு.
வேகக்காரன் எல்லோருக்கும் பின்னால் தனியாக நிற்பான்.
அத்தனை பேரும் ஒன்றாகக் கயிற்றைத் தொட வேண்டும் என்று
எவனோ ஒரு மனுஷன்
ஈரக் கூடாரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறான்.
மூன்று ராத்திரி அந்தக் கணக்கோடு படுத்திருந்தேன்.
எங்கள் கம்பெனியும் கோடு போடும்,
பாஸ்போர்ட் நிறம் பார்த்து.
சரி, அது வேறு பந்தயம்.

ஷூவுக்குள் ஒரு துண்டுச் சீட்டு.
விற்றவள் பீபிள்ஸ் ஊர் ஐலா ரெனி,
எழுத்து காற்றில் சாய்ந்த பயிர் மாதிரி.
அம்மாவைப் பெற்றவர் ஓடிய ஷூவாம்.
டி. லோரி என்று எங்கேயாவது அச்சில் பார்த்தால் அது அவர்.
அந்தப் பேரில் யாரும் பிறக்கவில்லை.
சுரங்கத்து முதலாளிக்குத் தெரியக்கூடாது,
பந்தயம் கட்டுகிறவனுக்கு வேகம் பிடிபடக்கூடாது,
அதனால் பேரை மாற்றித்தான் ஓடுவார்களாம்.
"பெயர் பொய். கால் நிஜம்."

தகரத்தைத் திறக்கவே வேண்டாம், எனக்கு மனப்பாடம்.
மூன்றாவது சுற்று, கடைசிக்கு முந்தின வரி:
லோரி, பதினோரு கெஜம்.

எனக்குத் தவசிக்கனி என்று பேர் வைத்தார்கள்.
சிவில் ஐடி அதை இரண்டாக நறுக்கி
பின்பாதியைத்தான் கூப்பிடுகிறது.
அங்கே பழம், இங்கே அரபியில் பணக்காரனாம்.
பதினாலு வருஷமாக அந்தப் பேரில் ஓட்டம்.
"யா கனி, இங்கே கையெழுத்து."
போட்டேன்.

நேற்று ராத்திரி ஒன்றரை மணி, முப்பத்தெட்டு டிகிரி.
பக்காலாவின் பின்பக்கம் குப்பைத்தொட்டி தொடங்கி
பெட்டி அளக்கிற டேப்பால் நூற்று முப்பது கெஜம் அளந்தேன்.
பதினோராவது கெஜத்தில் சாக்பீஸ் கோடு.
மேல்படுக்கை இஞ்ஞாசி போனில் நேரம் பிடித்தார்,
எதற்கு என்று கேட்காமல்.
ஷூ எனக்குச் சேராது, ஆறாம் அளவு.
கையில் பிடித்துக்கொண்டேன்,
செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன், ஓடினேன்.

மூச்சு வாங்கி நிற்கையில்
"என்ன பேர் போட்டு எழுத?" என்றார்.
லோரி.
"லாரியா?" என்றார், அப்படியே எழுதிக்கொண்டார்.
இருபத்திரண்டு நொடி.
கோடு மட்டும் முன்னால் இல்லாவிட்டால்
இன்னும் மோசம்.