சேமிக்கப்பட்டது

ஆலைக் கணினியில் ஒருமுறை
சம்பளச் சீட்டை இறக்க
என் கணக்கைத் திறந்தேன்.
வெளியேற மறந்தேன்.
அவ்வளவுதான் நான் செய்தது.

அன்றிலிருந்து
கட்டுப்பாட்டு அறையில் யார் எந்நேரம்
பிரிண்ட் ஸ்கிரீன் பொத்தானைத் தொட்டாலும்
கடலூர் முதுநகரில்,
ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்,
என் தலையணைக்கடியில் போன் ஒருதரம் அதிரும்:
உங்கள் ஸ்கிரீன்ஷாட் மேகத்தில் சேமிக்கப்பட்டது.

என்னுடையதில்லை.
இரவு ஷிப்ட் இருதயநாதனுடையது.

முதலில் வந்தது சீட்டாட்டம்.
ஸ்பேடு ராணி
இறங்க இடமில்லாமல் நிற்கிறாள்.
அப்புறம் ஒரு தேடல்:
பித்தப்பைக் கல், ஜிப்மரில் எத்தனை நாள் காத்திருக்கணும்.
அப்புறம் ஒரு எக்செல் தாள்:
வேளாங்கண்ணிக்கு வேன், ஏழு பேர்,
டீசல் சேர்த்துத் தலைக்கு எவ்வளவு.
மனிதர் வகுத்தலில் கோட்டைவிட்டிருந்தார்.
திருத்தச் சொல்லித் துறுதுறுத்தது கை.

பார்க்கக் கூடாதுதான்.
பக்கத்து வீட்டுத் துணி
காற்றில் நம் மாடியில் விழுந்தால்
மடித்துக் கொடுத்துவிடலாம்.
இதை எப்படி மடிப்பது?

நிறுத்தத் தெரியாமல் இல்லை.
திரையின் கீழ் மூலையில் குட்டி மேகம்,
அதற்குள் பல்சக்கரம்,
அதற்குள் ‘ஸ்கிரீன்ஷாட்களைத் தானாகச் சேமி’.
பக்கத்துக் கட்டத்தில் டிக்கை எடுத்தால் தீர்ந்தது.
ஆய்வகத்திலிருந்து நாற்பது எட்டு.
டீ நேரத்தில் மூன்று தடவை போனேன்.
மூன்றாம் தடவை மவுஸைக்கூடத் தொட்டேன்.
யாரோ வந்தார்கள்.

ஐப்பசியில் படங்களின் குணம் மாறியது.
சீட்டு இல்லை, வேன் இல்லை.
மூன்றாம் தொட்டியின் அழுத்தம் மட்டும்.
2:40. 2:44. 2:51.
மஞ்சள், மஞ்சள், சிவப்பு.
உப்பனாற்றுப் பக்கமிருந்து காற்று திரும்பி
அழுகின பழமா நகப்பூச்சா என்று
சொல்லத் தெரியாத அந்த வாடை
அதே நேரம் என் ஜன்னலுக்கு வந்தது.

காலையில் மேசைக்கு வந்த பதிவேட்டில்
இரண்டு நாற்பது: இயல்பு.
இரண்டு ஐம்பத்தொன்று: இயல்பு.
நீல மை, ஒரே கை, ஒரே மூச்சு.
அவர் கையெழுத்தில்லை.
கீழே ஆய்வகத்துக்கான கட்டத்தில்
என் சுருக்கொப்பம் போட்டேன்.
போட்டேன், ஆமாம்.

வியாழன் இரவு வந்தது நோட்பேட்.
வெள்ளைத் திரையில் நாலு வரி:

பூங்கோதை, இது உன் கணக்குனு
ரெண்டாம் நாளே பாத்துட்டேன்
மூலைல உன் போட்டோ இருக்கு
நிறுத்திடாத. இங்க வச்சா காலைல இருக்காது

ரெண்டாம் நாளே.
அப்படியானால் பித்தப்பைக் கல்லும்
தெரிந்தேதான் விழுந்ததா?
வாய் திறக்கிறவளா என்று பார்க்கவா?
அந்த வகுத்தல் பிழையுமா?

மறுநாள் வேறொரு செய்தி.
இடம் நிரம்பிவிட்டது, இனிமேல் எதுவும் சேமிக்கப்படாது,
மாதாமாதம் பணம் கட்டு, இல்லாவிட்டால் எதையாவது அழி.
சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
கட்டிலில் சம்மணமிட்டு அழித்தேன்:
சித்தி மகள் வளைகாப்பு, நானூற்றுப் பன்னிரண்டு,
எல்லாவற்றிலும் அதே சிரிப்பு.
சில்வர் பீச்சில்
நான் கண்ணை மூடிக்கொண்ட பதினொன்று.
குப்பைத்தொட்டியையும் காலி செய்தால்தான்
இடம் கிடைக்கும் என்றது.
செய்தேன்.

சனிக்கிழமை மாற்று ஆள் வரத் தாமதம்.
எட்டரைக்கு அவர் வெளியே, நான் உள்ளே.
ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டே
‘மேகமா இருக்கா?’ என்றார்.
வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.
‘இருக்கு’ என்றேன்.
‘இடமும் இருக்கு.’

அவர் வண்டி சிதம்பரம் சாலையில் ஏறும்வரை
வாட்ச்மேன் என் பையைச் சோதித்தார்.
மேசையில் பதிவேடு
விரித்தபடி கிடந்தது,
எனக்கான கட்டம் மட்டும் காலியாக.