மீன் ஐஸ்

முதுநகர் துறைமுகத்திலிருந்து
ஜெரோம் கொண்டுவரும் ஐஸ்.
ராத்திரி வஞ்சிரத்தோடு படுத்திருக்கும்,
காலையில் என் முட்டியோடு.

மஞ்சக்குப்பம் மைதானம், ஞாயிறு ஆறரை.
முப்பத்தொன்பது வயது லெஃப்ட் பேக் நான்,
மற்ற நாளில்
வீடு வீடாய் மீட்டர் ரீடிங்.

பன்னிரண்டாம் நிமிஷம்.
யாரும் இடிக்கவில்லை.
உடம்பு திரும்பியது,
பாதம் திரும்பவில்லை.
டப்பென்ற அந்தச் சத்தம்
கோலில் நின்ற தணிகைவேலுக்கும் கேட்டதாம்.

நீவி விடு, உதறு, எழுந்து ஓடிப் பார்:
பத்துப் பேர், பத்து வைத்தியம்.
"தொடாதீங்க!"
நைட் டூட்டி முடிந்து போய்க்கொண்டிருந்த நர்ஸ்
ஸ்கூட்டியைச் சாய்த்துவிட்டு ஓடிவந்தாள்.
துப்பட்டாவால் கட்டி, காலை உயர்த்தி,
ஐஸை முகர்ந்து முகம் சுளித்து, வைத்து,
ஒன்றே ஒன்று கேட்டாள்:
"வார்ம் அப் பண்ணீங்களா?"
பதினோரு பேரும்
புல் இல்லாத தரையைப் பார்த்தோம்.

ஆபரேஷன். ஒன்பது மாதம்.
மாடிப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு.

இப்போது ஆறு மணிக்கே வந்து
கம்பத்தைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்று
முப்பது எண்ணுகிறேன்.
பொடிப்பயல்கள் வைத்த பெயர், கொக்கு.

போன வாரம் ஜெரோமும் வந்து
பக்கத்தில் காலைத் தூக்கினான்.
பதினேழுக்கு அப்புறம் இருபது என்கிறான்,
திருட்டுப்பயல்.
திரும்ப ஒன்றிலிருந்து
எண்ண வைத்தேன்.