இடப்பக்கம்

கான்சாஸ் பள்ளியொன்றின் பதிவுகள்
என் திரையில் ஓடுகின்றன.
ஹம்தி, வயது எட்டு, வீட்டுமொழி சோமாலி.
மூன்றாம் கணக்கு:
பன்னிரண்டு ஆப்பிளில் ஐந்தைக் கொடுத்தாயிற்று,
எத்தனை லெஃப்ட்?

ஒவ்வொன்றாய் இழுத்திருக்கிறாள்
பன்னிரண்டையும்
திரையின் இடப்பக்கம்.
நான்கு நிமிடம். வரிசை கோணவில்லை.

தவறு என்று மணியடித்தது
நான் எழுதிய நிரல்.

ஹெட்போனில் ஆறு முறை
திரும்பக் கேட்டிருக்கிறாள்.
பிறகு ஒரே ஒரு ஆப்பிளை
வலப்பக்கம் வைத்துப் பார்த்திருக்கிறாள்,
எதற்கோ.

ராத்திரியே சொல்லை மாற்றினேன்.
'இன்னும் எத்தனை இருக்கின்றன?' என்கிறது குரல்.
சரிசெய்துவிட்டதாக
மிஸஸ் ஹூபருக்கு மின்னஞ்சலும் போட்டேன்.

பதில் வந்தது:
ஏழு விரலை
முதலிலேயே நீட்டிக் காட்டினாள்.
உங்கள் பெட்டிதான்
இடப்பக்கம் கேட்டது.