நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

கெடிலத்துப் பாலத்தில் இந்த வருசம்
உழவாரன்கள் ஊமையாகிவிட்டன என்றேன்.
பின்சீட்டிலிருந்த அஞ்சலாட்சி
என் ஹெல்மெட்டைத் தட்டினாள்:
"கத்துற கத்துல காது கிழியுது. ஊமையாம்!"

அதற்குப் பிறகுதான்
மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில்
கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்தேன்.
சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்
நிலோபர் மேடம்.
அழுத்தினேன். அழுத்தினேன்.
பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை.
முடிந்தது போல என்று எழுந்தேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அவர் விரல் இன்னும் திருகிக்கொண்டிருந்தது.

தாளில் கோடு நேராக நடந்து
நாலாயிரம் என்ற எண்ணுக்கு நேரே
கிணற்று வாளியாய் இறங்கியது,
எட்டாயிரத்தில் அரைமனதாக ஏறியது.
"எங்க வேலை?"
"சிப்காட். கம்ப்ரசர் ரூம். பத்தொன்பது வருசம்."
அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை.
அல்லது கேட்டார்.

இப்போது பகல் ஷிப்ட் விட்டதும்
பாலத்துச் சுவரோரம் வண்டியை நிறுத்துகிறேன்.
ஐந்தே முக்காலுக்கு ஒன்று, இரண்டு.
உப்பனாற்றுக் கழிமேல் நாளெல்லாம்
பூச்சி வாரித் தின்றவை.
ஆறு மணிக்கு நாற்பது இருக்கும்.
கறுத்த பிறைகள்; இடுப்பில் மட்டும்
விரலால் இழுத்த சுண்ணாம்பு.

(உழவாரம் என்றால் புல் செதுக்கும் கருவியாம்.
கரையேறவிட்டகுப்பத்து ஞானஸ்கந்தன் சொன்னான்,
ஞாயிறுதோறும் கோயிலில் செதுக்குகிறவன்.
இவை செதுக்குவது என்ன என்று கேட்டேன்.
பதிலை அவன் வேறு பக்கம் திரும்பிச் சொன்னான்.)

பாலத்தின் அடியில் நுழைந்து
மறுபக்கம் பீறிட்டு
செங்கல் லாரிக்கு ஒரு முழம் மேலே
ஒன்றாய் வளைகின்றன.
எதுவும் எதன்மேலும் இடிப்பதில்லை.
முன்னால் போவதைக் குறித்து வைப்பேன்;
வளைவு முடிவதற்குள்
கடைசிப் பறவை முதலாகிவிடும்.
மேஸ்திரி இல்லாத கும்பல்.

சத்தத்தைப் பார்க்கப் பழகிவிட்டேன்.
சிதறிக் கிடப்பவை சட்டென ஒரு பிடியாகும்.
சிறகடிப்பு நின்று விறைக்கும்.
அலகுகள் பிளக்கும்.
அதுதான் கத்தல்.
பாலத்தில் நடப்பவர்கள் நிமிர்வார்கள்.
நான் அவர்களுக்கு அரை நொடி முன்பே
நிமிர்ந்திருப்பேன்.

ஒருநாள் சீமைக்கருவேலம் விலக்கி
ஆற்றுக்குள் இறங்கினேன்.
உத்தர இடுக்குகளில்
இறகும் வைக்கோலும் யூரியா சாக்கு நூலும்
எச்சிலால் ஒட்டிய கூடுகள்.
கூட்டம் உரசிக் கடந்தபோது
ஒரு கூட்டின் வாயில் ஒரு முகம்.
தொண்டை துடித்தது.
முட்டைமேல் கிடப்பது
பறப்பவற்றுக்குப் பதில் போடுகிறது.
அடுத்த சுற்றில் அவை
இன்னும் நெருங்கி வந்தன.
என்ன கேட்டன, என்ன சொன்னது?
காது உள்ளவர்களைக் கேட்டேன்.
"கீச்சுனு கத்துது, வேறென்ன" என்றார்கள்.

இருட்டும் முன் ஒருமுறை மேலே ஏறுகின்றன,
கண்ணுக்குப் புள்ளியாகும் வரை.
பிறகு உதிர்ந்து, ஒவ்வொன்றாக,
வேகம் குறைக்காமல் இடுக்குக்குள்.
கம்பியில் உட்காரக் கால் போதாது இவற்றுக்கு.
தரையில் விழுந்தால் எழுவது கஷ்டமாம்.
கூட்டமாகத் திரிவது அதனாலா,
சும்மாவா, தெரியவில்லை.

வீட்டில் அஞ்சலாட்சி பேசினால்
'ச' எல்லாம் வழியில் உதிர்ந்துவிடுகிறது.
"…ட்னி போதுமா" என்கிறாள்.
"ஊட்டி எதுக்கு இப்ப" என்று கேட்டதில்
இரண்டு நாள் பேச்சில்லை.
பிறகும் அவள் கூப்பிடவில்லை.
கடந்து போகும்போது முழங்கை மட்டும்
என் தோளில் பட்டுப் போகும்.
விட்டுவிட்டாள் என்றே நினைத்தேன்.

நேற்று சவரம் செய்கையில்
கண்ணாடிக்குள் அவள் வந்தாள்.
என் முதுகுக்குப் பின்னால்
வாய் அசைந்துகொண்டிருந்தது,
நிறுத்தாமல், சாதாரணமாக,
ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருப்பவள் போல.

"ம்" என்றேன்.
அவள் நின்றாள்.
எதற்கு அந்த "ம்" என்று எனக்குத் தெரியாது.
தட்டில் இரண்டு தோசை
கூடுதலாக வந்தது.